அரிசியில் பூத்த பூசணம்

1959ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்’ என்ற மருத்துவ இதழில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்களில் முதல் பெயர் டி.ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையைத் தொடங்கி அதன் முதல் டீனாக இருந்தவர் இவர்தான். அந்தக் கட்டுரைக்காக அவரும் சகாக்களும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் செய்யப்பட்ட 9,568 சவப் பரிசோதனைகளின் பதிவுகளை. இறந்தவர் எந்த இனம், என்ன வயது, இதயத் தமனிகள் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஊர் ஒன்று, வெயில் ஒன்று. ஆனாலும் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டபோது, இதயத் தமனி நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறக்குறைய ஏழு மடங்கு இருந்தது.

ஏழு மடங்கு. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் ஏழு சதவீத வித்தியாசம் வந்தாலே மீட்டிங் போட்டுவிடுவார்கள்.

இன்றைக்கு நமக்கு இது புதிய செய்தி இல்லைதான். ஐம்பது வயதைத் தாண்டாத சித்தப்பாவின் படம் குடும்ப வாட்சப் குழுவில் பூமாலையோடு வரும். “நேத்துகூட பேசிக்கிட்டுதான இருந்தாரு” என்று நாலு பேர் எழுதுவார்கள். அது நமக்குப் பழகிப்போன சாவு. தனராஜின் கட்டுரையைப் படித்தபோது என்னை உறுத்தியது வேறு ஒன்று. 1959இல் இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ஒரு மருத்துவர், மறுநாள் வார்டுக்குப் போய் ஒரு தமிழ் நோயாளியிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? சிகரெட்டைக் குறை, எண்ணெயைக் குறை. அதற்கு மேல் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொலஸ்ட்ராலைக் கண்டித்துக் குறைக்கிற, உயிரையும் காப்பாற்றுகிற ஒரு மாத்திரை வந்து சேர இன்னும் 28 வருஷம் பாக்கி இருந்தது. அந்த மாத்திரை வந்த கதை நேர்க்கோட்டில் போகவில்லை. முயலில் தொடங்கி, எலியில் தடுக்கி விழுந்து, ஒரு கோழிக் கூண்டில் எழுந்து நின்ற கதை அது.

கொலஸ்ட்ரால் என்ற பொருளை முதலில் பார்த்தது இரத்தத்தில் அல்ல, பித்தக்கல்லில். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் அதைப் பிரித்தெடுத்தார்கள்; பிறகு செவ்ரோல் என்ற வேதியியலாளர் கிரேக்க மொழியில் பித்தம், திடம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். 1910இல் ஜெர்மனியில் அடால்ஃப் வின்டாஸ், தடித்துப்போன மனிதத் தமனிகளை ஆராய்ந்து, நல்ல தமனியில் இருப்பதைவிடப் பல மடங்கு கொலஸ்ட்ரால் அதில் படிந்திருக்கிறது என்று காட்டினார். ஆனால் படிந்திருக்கிறது என்பது வேறு, அதனால்தான் நோய் வந்தது என்பது வேறு. குழாயில் துரு இருக்கிறது. துருவினால் குழாய் அடைத்ததா, அடைத்துத் தண்ணீர் நின்றதால் துரு பிடித்ததா?

1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளைஞர் இதற்கு விடை தேடினார். அப்போது அவருக்கு 28 வயதுகூட முடியவில்லை. சலாத்தோவ் என்ற சகாவுடன் சேர்ந்து, சுத்தமான கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். சில மாதங்களில் முயலின் தமனிகளில் மனிதர்களிடம் காண்பதைப் போன்ற கொழுப்புப் படிவுகள் வந்தன. வெறும் எண்ணெய் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெளிவான சோதனை. இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மற்றவர்கள் இதையே எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள், தமனிகள் சும்மா இருந்தன. உடனே, “முயல் புல் தின்னும் பிராணி, அதற்குக் கொழுப்பைக் கொடுத்தால் எதாவது ஆகத்தான் செய்யும்” என்று சொல்லி அனிச்கோவை ஓரங்கட்டிவிட்டார்கள். நாய் கொலஸ்ட்ராலைப் பித்தமாக மாற்றி வெளியேற்றுவதில் கெட்டிக்கார மிருகம் என்பது பிறகு தெரிந்தது. மனிதன் இந்த ஒரு விஷயத்தில் நாயைவிட முயலுக்கு நெருக்கம். இதைக் கண்டுபிடிக்க அறிவியலுக்குப் பல பத்தாண்டுகள் ஆனது. எந்த மிருகத்தைக் கூண்டில் வைத்தோம் என்பதை வைத்தே ஒரு உண்மை அத்தனை காலம் தள்ளிப்போயிருக்கிறது. இந்த ‘எந்த மிருகம்’ கேள்வி இந்தக் கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

அனிச்கோவை மறுபடி தூசு தட்டி எடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜான் காஃப்மன். மன்ஹாட்டன் திட்டத்துக்காக பெர்க்லியில் புளூட்டோனியம் பிரித்துக் கொடுத்த ஆள். போர் முடிந்ததும், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும் மையவிலக்கு இயந்திரத்தில் இரத்தத்தைப் போட்டுச் சுழற்றினார். கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் உடம்பு அதைப் புரதப் பொட்டலங்களில் கட்டித்தான் இரத்தத்தில் அனுப்புகிறது. எடை குறைந்த பொட்டலம் மேலே மிதந்தது, எடை கூடியது கீழே இறங்கியது. நம் இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்டிஎல், எச்டிஎல் என்று இன்றைக்கு வரும் இரண்டு வரிகளின் பூர்வீகம் அந்த இயந்திரம்தான். கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு என்கிறோமே, இரண்டிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால்தான். பார்சல்தான் வேறு. ஒன்று கல்லீரலிலிருந்து கிளம்பும் லாரி, இன்னொன்று திரும்பி வரும் லாரி. இது ரொம்பவே எளிமைப்படுத்திய விளக்கம்; ஆனால் முழுத்தவறு இல்லை.

அதே காலத்தில், 1948இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைப் பதிவு செய்து, வருடக்கணக்காகப் பின்தொடரத் தொடங்கினார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை, அவர்களுடைய இரத்தத்தில் முன்பே என்ன இருந்தது என்று பார்த்தார்கள். இரத்த அழுத்தம், சிகரெட், கொலஸ்ட்ரால் என்று இன்று கிளினிக் சுவரொட்டியில் இருக்கும் பட்டியல் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிராமிங்ஹாம் அப்போது ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் ஊர். உலகம் முழுக்க இதய ஆபத்தைக் கணக்குப் போடும் சூத்திரம் அந்த ஊரிலிருந்து கிளம்பியபோது, தனராஜின் பதிவேட்டில் இருந்த கூலிக்காரரும் கங்காணியும் குமாஸ்தாவும் அந்தச் சூத்திரத்துக்குள் இல்லை. கொலஸ்ட்ரால் மட்டுமே அந்த ஏழு மடங்கை விளக்கிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிறகு சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளில் இந்தியர்களிடம் இனிப்புநீர் அதிகம், எச்டிஎல் குறைவு, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வது அதிகம் என்று தெரிந்தது. முட்டை சாப்பிடலாமா, தேங்காய் எண்ணெய் நல்லதா என்கிற சாப்பாட்டுச் சண்டை தனிக் கதை. அதற்குள் போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

காரணம் ஓரளவு தெரிந்துவிட்டது. சரி, மருந்து? 1960இல் அமெரிக்காவில் ட்ரைபாரனால் என்ற மாத்திரை கடைக்கு வந்தது. உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் முதல் மருந்து அது. நாம் சாப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, முக்கியமாகக் கல்லீரல். முப்பது சொச்சம் படிகள் கொண்ட உற்பத்தி வரிசை. ட்ரைபாரனால் அந்த வரிசையின் கடைசிப் படியில் கை வைத்தது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யாருக்கும் இதில் என்ன ஆகும் என்று தெரியும். கடைசி ஸ்டேஷனை நிறுத்தினால் அதற்கு முந்தைய ஸ்டேஷனில் பாதி முடிந்த பொருள் மலையாகக் குவியும். அப்படித்தான் ஆனது. டெஸ்மோஸ்டெரால் என்ற அரைகுறைப் பொருள் உடம்பில் சேர்ந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்புரை வந்தது, முடி கொட்டியது. 1962இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். விலங்குச் சோதனை முடிவுகளை நிறுவனம் மறைத்திருந்ததும் வெளியே வந்தது. கொலஸ்ட்ரால் உற்பத்தியில் கை வைத்தால் ஆபத்து என்ற பயம் அதற்குப் பிறகு இருபது வருஷம் மருந்து நிறுவனங்களை விடவில்லை. இந்தப் பயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகிரா எண்டோ 1933இல் ஜப்பானின் வடக்கே அகிதா பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து, பூசணங்கள் மேல் பைத்தியம் பிடித்தவர். சங்க்யோ என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து முதலில் அவர் செய்த வேலை, பழச்சாற்றைத் தெளிய வைக்கும் நொதியைப் பூசணத்திலிருந்து எடுத்தது. அந்த வெற்றிக்குப் பரிசுபோல, 1966இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு வருஷம் ஆய்வு செய்யப் போனார். அங்கே அவரை ஆச்சரியப்படுத்தியவை இரண்டு. ஒன்று, பெரிய பெரிய உடம்போடு நடந்துபோன வயசானவர்கள். இன்னொன்று, மாரடைப்பு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு அடிக்கடி கடந்துபோன ஆம்புலன்ஸ். அகிதாவில் அவர் இரண்டையும் பார்த்ததில்லை.

திரும்பி வந்து 1971இல் அவர் கேட்ட கேள்வி மிகவும் எளிமையானது. பூசணங்கள் காலங்காலமாக மற்ற நுண்ணுயிர்களோடு சண்டை போட்டுப் பிழைக்கின்றன. பெனிசிலின் அப்படி ஒரு ஆயுதம். கொலஸ்ட்ராலும் அதன் உறவுக்காரப் பொருட்களும் இல்லாமல் வாழ முடியாத எதிரி நுண்ணுயிர்கள் உண்டு. அப்படியானால் அந்த உற்பத்தியை நிறுத்தும் ஆயுதத்தை எதாவது ஒரு பூசணம் வைத்திருக்காதா? அவர் குறிவைத்தது உற்பத்தி வரிசையின் ஆரம்பத்தில் இருக்கும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை. மொத்த உற்பத்தி வேகத்தையும் தீர்மானிக்கிற வால்வு அது. ஆரம்பத்திலேயே வால்வை மூடினால், தேங்கி நிற்கும் பொருள் நீரில் கரையக்கூடியது, உடம்பு அதை வேறு வழியில் பயன்படுத்திக்கொள்ளும். ட்ரைபாரனால் செய்த தப்பு இங்கே நடக்காது.

யோசனை இரண்டு வரி. வேலை இரண்டு வருஷம். எண்டோவும் மசாவ் குரோடாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, 6,000க்கும் மேற்பட்ட பூசணங்களையும் மற்ற நுண்ணுயிர்களையும் வளர்த்து, சாறு எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இப்போதைய ரோபோ கையெல்லாம் கிடையாது. முதலில் கிடைத்த சிட்ரினின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு, தூக்கிப் போட்டார்கள். 1972இல் கியோத்தோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்திருந்த நீலப்பச்சைப் பூசணம் சிக்கியது. பெயர் பெனிசிலியம் சிட்ரினம். அதிலிருந்து 1973இல் அவர்கள் பிரித்தெடுத்த பொருளுக்கு எம்எல்-236பி என்று எண் போட்டார்கள். உலகம் பிறகு அதை காம்பாக்டின் என்று அழைத்தது. இதே பொருளை பீச்சம் என்ற பிரிட்டிஷ் நிறுவனமும் வேறொரு பெனிசிலியத்திலிருந்து தனியாகப் பிரித்து 1976இல் வெளியிட்டது. அவர்கள் அதைப் பூசணக்கொல்லியாகத்தான் பார்த்தார்கள். கையில் வந்த பொருள் ஒன்று, கேட்ட கேள்வி வேறு.

இனி இரண்டாவது முறை ‘எந்த மிருகம்’. நிறுவன வழக்கப்படி மருந்தை எலிக்குக் கொடுத்தார்கள். எலியின் கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. சங்க்யோவின் மருந்தியல் பிரிவு கைவிரித்துவிட்டது. எலியில் வேலை செய்யாத மருந்து மனிதனுக்கு எப்படி? கோப்பை மூடு என்றார்கள். எண்டோ மூடவில்லை. பிறகு தெரிந்தது என்னவென்றால், எலியின் கல்லீரல் மருந்தைப் பார்த்ததும் அந்த நொதியைப் பல மடங்கு கூடுதலாகத் தயாரித்துச் சமாளித்துக்கொள்கிறது. அதோடு எலி இரத்தத்தில் எல்டிஎல் ஏற்கெனவே மிகக் குறைவு. இறக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

1976இல் எண்டோ மாலை வேளையில் பக்கத்து மதுக்கடையில் நொரிதோஷி கித்தானோ என்ற சக ஆய்வாளரைச் சந்தித்தார். கித்தானோ வேறொரு ஆய்வுக்காக முட்டையிடும் கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்ததும் அவற்றைக் கொல்வதாக இருந்தது. எண்டோவுக்குப் பொறி தட்டியது. முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்றால், கோழியின் கல்லீரல் நாள் முழுக்க அதைத்தானே தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும்? அந்தக் கோழிகளை எனக்குக் கொடு என்றார். சில வாரங்கள் தீவனத்தோடு மருந்து. கோழிகளின் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. அடுத்து நாய், குரங்கு. அவற்றிலும் இறங்கியது. நவீன மருத்துவத்தில் இவ்வளவு பெரிய ஒரு விஷயம் சாகப்போகிற நாலு கோழியாலும் இரண்டு கிளாஸாலும் பிழைத்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

1978 பிப்ரவரியில் ஒசாகாவில் அகிரா யாமாமோத்தோ என்ற மருத்துவர் எண்டோவிடமிருந்து மருந்தை வாங்கி 18 வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தார். அவளுக்கு இருந்தது பரம்பரை மிகைக்கொலஸ்ட்ரால், அதுவும் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த கடுமையான வகை. இந்த வகைக் குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயேகூட மாரடைப்பு வரும். டெக்சாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் இந்த நோயைத் துருவித்தான், கல்லீரல் செல்லின் மேல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஒரு கொக்கி இருக்கிறது, இவர்களுக்கு அது பழுது என்று 1970களில் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு. எண்டோவின் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் அதில்தான் விடை இருந்தது. உற்பத்தியை நிறுத்தியதும் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தட்டுப்பாடு. உடனே அது இன்னும் நிறையக் கொக்கிகளைப் போட்டு இரத்தத்தில் ஓடுவதை இழுத்துக்கொள்கிறது. ஒசாகாப் பெண்ணுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியது. ஆனால் தசைகள் வலுவிழந்தன. யாமாமோத்தோ நிறுத்தினார், அளவைக் குறைத்து மறுபடி கொடுத்தார். நோயின் கடுமை குறைந்த மற்ற நோயாளிகளுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு இறங்கியது, பெரிய தொல்லை இல்லாமல்.

1978 முடியும்போது எண்டோ சங்க்யோவை விட்டு தோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1980 ஆகஸ்டில் சங்க்யோ காம்பாக்டினை நிறுத்தியது. மிக அதிக அளவு மருந்தை இரண்டு வருஷம் கொடுத்த நாய்களின் குடலில் புற்றுநோய் போன்ற மாற்றம் தெரிந்தது என்பது காரணம். அது புற்றே இல்லை என்று எண்டோ கடைசிவரை சொன்னார். ட்ரைபாரனால் பயம் நினைவிருக்கிறதா? செய்தி கசிந்ததும், அமெரிக்காவில் மெர்க் நிறுவனமும் தன் மருந்தை அலமாரியில் பூட்டிவிட்டது. இது மூன்றாவது ‘எந்த மிருகம்’. பூட்டியது தப்பு என்று இப்போது சொல்வது சுலபம். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் பூட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் போன உயிர்களை யாரும் எண்ணிப் பதிவேட்டில் எழுதவில்லை என்பதும் உண்மை.

மெர்க்கின் மருந்து எது? 1976இல் மெர்க், சங்க்யோவிடமிருந்து காம்பாக்டின் மாதிரியை வாங்கிப் பார்த்தது. பிறகு சொந்தமாகத் தேடி 1978 நவம்பரில் அஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற மண்பூசணத்தில் ஒரு பொருளைப் பிடித்தது. தேடத் தொடங்கிச் சில நாட்களிலேயே கிடைத்துவிட்டது. எண்டோவின் இரண்டு வருஷத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்; எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்தவனுக்குத் தண்ணீர் சீக்கிரம் கிடைக்கும். 1979 பிப்ரவரியில் எண்டோ, புதிய பல்கலைக்கழகத்தில், மொனாஸ்கஸ் ரூபர் என்ற சிவப்புப் பூசணத்திலிருந்து மொனக்கோலின் கே என்ற பொருளைப் பிரித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மெர்க் விண்ணப்பித்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மூலக்கூறு. யார் முதலில் விண்ணப்பித்தார்கள் என்று பார்க்கும் நாடுகளில் எண்டோ முந்தினார். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்த அமெரிக்காவில் மெர்க் முந்தியது. மெர்க்கின் பெயர்தான் நிலைத்தது: லோவாஸ்டேட்டின். வேறு வழியில்லாத நோயாளிகளுக்காக மருத்துவர்கள் மெர்க்கை வற்புறுத்தி மருந்தை வாங்கிக் கொடுத்து, நல்ல பலன் கண்டு, மறுபடி ஆய்வு நடந்து, 1987 செப்டம்பர் 1 அன்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உலகின் முதல் ஸ்டேட்டின் மாத்திரை.

சிவப்புப் பூசணம் என்றதும் நம் நாட்டுக்காரர்களுக்கு ஒரு மணம் ஞாபகம் வர வேண்டும். சித்தியவானிலோ சிபுவிலோ பூச்சாவ் சீனர் கடையில் சிவப்பு மதுவில் கோழி போட்ட மீ சுவா சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்தச் சிவப்பு, சோற்றில் மொனாஸ்கஸ் பூசணத்தை வளர்த்த அரிசியிலிருந்து வருவது. ஹொக்கியன் மொழியில் ஆங் காக். சீன வைத்தியத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம் உள்ள பொருள். கியோத்தோ அரிசியில் கிடைத்த விடையின் தம்பி சித்தியவான் அடுப்படியிலேயே இருந்திருக்கிறான்.

அதனால்தான் இது இன்னொரு பக்கமும் போகிறது. என் அப்பா லாரி ஓட்டியவர். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, மாதாமாதம் சிம்வாஸ்டேட்டின் வாங்கி வருவார். போன வருஷம் ஒருநாள் அலமாரியைத் திறந்தால் மூன்று மாத மாத்திரை அப்படியே கிடக்கிறது.

“ஏம்பா, மாத்திர அப்படியே இருக்கு?”

“அத போட்டா காலு உளையுதுடா. கிட்னியும் போயிரும்னு சொல்றாங்க.”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தான்.”

பக்கத்தில் வேறொரு போத்தல். நேரடி விற்பனைக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது, நூற்றுச் சொச்சம் வெள்ளி, ‘இயற்கை’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன்: ரெட் ஈஸ்ட் ரைஸ். அதாவது மொனக்கோலின் கே. அதாவது லோவாஸ்டேட்டின். ஸ்டேட்டினுக்குப் பயந்து ஓடி ஸ்டேட்டினிடமே போய்ச் சேர்ந்திருக்கிறார் மனிதர், அதுவும் ஒரு குளிகையில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதாத ஸ்டேட்டினிடம்.

கால் உளைச்சலைச் சும்மா தள்ளிவிட முடியாது. தசைவலி உண்மையிலேயே வரும். ஒசாகாப் பெண்ணிடமே பார்த்தோம். 2001இல் பேயர் நிறுவனம் செரிவாஸ்டேட்டின் என்ற மருந்தைத் திரும்பப் பெற்றது, தசை சிதைந்து ஆட்கள் இறந்ததால். ஆனால் 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செய்த சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கவிளைவால் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் வெறும் மாவு மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை எதுவும் இல்லாத மாதத்தைவிட ஸ்டேட்டின் மாதத்தில் தொல்லை அதிகம். மாவு மாத்திரை மாதத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு, பத்தில் ஒன்பது பங்கு. வலி பொய் இல்லை, வலித்தது. வலிக்கும் என்ற பயமும் வலிக்க வைத்தது.

எதிர்ப்பக்கம் வைக்க 1994இன் ஸ்காண்டிநேவிய ஆய்வு இருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பு குறையலாம், ஆனால் மொத்தச் சாவு குறையுமா என்று அதுவரை பெரிய மருத்துவர்களே சந்தேகப்பட்டார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ள, கொலஸ்ட்ரால் 5.5 முதல் 8.0 வரை இருந்த 4,444 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு சிம்வாஸ்டேட்டின், பாதிப்பேருக்கு மாவு. ஐந்தரை வருஷம் போல் காத்திருந்தார்கள். மாவு சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182. அந்த 74 பேர் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் உலகம் நம்பியது. அப்பாவிடம் இந்த எண்களையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கோழிக் கதை மட்டும்தான் பிடித்திருந்தது. ஆனாலும் கிளினிக்குக்குப் போய்க் கால் உளைச்சலைச் சொன்னார். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது சாப்பிடுகிறார், பெரும்பாலும்.

‘கிட்னி போய்விடும்’ என்பதற்கும் ஒரு பின்கதை சேர்ந்துவிட்டது. 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி மருந்து நிறுவனம், கொலஸ்ட்ராலுக்கென்று விற்ற தன் சிவப்பு அரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, மரணங்களும் விசாரணைக்கு வந்தன. மொனாஸ்கஸ் செய்த வேலை இல்லை அது. ஒசாகா ஆலையில் வேறொரு நீலப்பச்சைப் பூசணம் உள்ளே புகுந்து பியூபெருலிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. அதுவும் ஒரு பெனிசிலியம்தான்.

அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூன் 5 அன்று அகிரா எண்டோ இறந்தார். வயது 90. 2006இல் ஜப்பான் பரிசும் 2008இல் லாஸ்கர் விருதும் கிடைத்தன, நோபல் வரவில்லை. கோடிக்கணக்கில் விற்ற ஸ்டேட்டின்களில் அவருக்குப் பங்குத்தொகை எதுவும் கிடையாது. வயதான பிறகு அவருக்கே கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாத ஒரு மருத்துவர், கவலைப்படாதீர்கள், இதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன என்று அவரிடம் சொன்னாராம்.